துருத்தி அறையில் பேச்சித்தாய்

இளையரசனேந்தல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆடு மேய்த்து வளர்ந்த பேச்சித்தாய்க்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பாவாடை கட்டித் திரிந்த வயதிலேயே, கிடைக்குள் புகுந்து குட்டியைக் கவ்விய வெறிநாயை ஒற்றைத் தடியால் அடித்துப் போட்டவள் அவள். ஆடு திருட வந்த ஒருவனை அவளும் அண்ணன் இசக்கிப்பாண்டியும் பனைமரத்தில் கட்டிவைத்து, ஊர்ப் பெரியவர்கள் வந்து கெஞ்சும்வரை தோலை உரித்தார்கள். அப்படிப்பட்டவள் சங்கரன்கோவிலில் வாக்கப்பட்டு, புருஷன் கையால் வருஷக்கணக்காக அடி தின்றாள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாமல் இருப்பதற்கு ஊருக்கு வசதியாக ஒரு வாத்தியமும் இருந்தது.

சங்கரன்கோவில் என்றால் எல்லோருக்கும் கோமதியம்மனும் ஆடித்தபசும்தான் நினைவுக்கு வரும். ஊருக்கு வடக்கே வேப்பமரங்களுக்கு நடுவில் மிஷன் கோவில் ஒன்று இருந்ததும், அதற்குள் சுவர் உயரத்துக்கு ஒரு குழல் ஆர்கன் நின்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு துரைசானி, காய்ச்சலில் செத்த புருஷனின் நினைவாகச் சீமையிலிருந்து தருவித்தது. தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, மாட்டுவண்டிகளில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தது. அது முழங்கினால் தேரடியில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். கோவில் மேளக்காரர்கள் அதற்கு வெள்ளைக்காரன் நாயனம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முன்பக்கம் உட்கார்ந்து கட்டைகளை அழுத்தி வாசிப்பவர் பிச்சையா வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் குழலுக்குள் காற்றுப் போனால்தானே சத்தம்? அதற்கு ஆர்கனின் முதுகுக்குப் பின்னால், பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம், ஒரு குச்சு அறை. அங்கே கட்டில் அகலத்துக்கு ஆட்டுத்தோல் துருத்தி. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தேக்குக் கைமரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு காற்று சேர்ந்திருக்கிறது என்பதைக் காட்ட, கயிற்றில் ஒரு ஈயக்குண்டு தொங்கும். பலகையில் ஒரு சிவப்புக் கோடு. குண்டு கோட்டுக்கு மேலே நின்றால் போதும். கைமரத்தை விட்டுவிட்டால் குண்டு கீழே இறங்கும், கொஞ்ச நேரம் மிச்சக் காற்றில் பாட்டு ஓடும். அப்புறம் இழுத்து இழுத்து முனகி அடங்கிவிடும்.

இந்தத் துருத்தி வேலைக்கும் காவலுக்குமாகக் கோவிலில் சம்பளம் வாங்கியவன் சங்கரசுப்பு. திருநீறு பூசுகிற குடும்பம்தான். ஆனால் கட்டை குட்டையான உடம்பையும் உருண்ட தோளையும் பார்த்து முந்தைய பாதிரியார் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஒரு தடவை துருத்தித் தோல் கிழிந்தபோது, நல்ல தோல் தேடி ஆட்கள் இளையரசனேந்தலுக்குப் போனார்கள். தோல் கொண்டுவந்து கொடுத்தவன் இசக்கிப்பாண்டி. கோவில் வேலை, அரசாங்க வேலை மாதிரி நிரந்தரம் என்று நினைத்து, அடுத்த தையில் தங்கச்சியையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான். அந்தத் தோலோடு நிறுத்தியிருக்கலாம்.

கல்யாணமான சில மாதத்திலேயே கைமரம் பேச்சித்தாயின் கைக்கு வந்துவிட்டது. சங்கரசுப்புவுக்கு உழைப்பு என்றால் வேப்பங்காய். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பின்வாசல் வழியாக அவளை உள்ளே விட்டுவிடுவான். ஆராதனை நடக்கும்போது அவள் அமுக்குவாள். அவன் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, மடியில் ஒளித்துக் கொண்டுவந்த கள்ளச்சாராயத்தைக் குடித்துக்கொண்டு குண்டைப் பார்ப்பான். குண்டு கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கடை இறங்கினால் உடைமரக் கம்பு அவள் முதுகில் இறங்கும். இறங்காவிட்டாலும் இறங்கும். ஆர்கன் முழங்குகிற நேரம் பார்த்துத்தான் அடிப்பான். தோத்திரப் பாட்டின் கடைசி அடியில் சபை முழுவதும் எழுந்து நின்று பாடும்போது அவனுடைய அடியும் உச்சத்தில் இருக்கும். அவள் கத்தினாலும் பலகைக்கு அந்தப்பக்கம் ஒரு சுண்டெலிச் சத்தம்கூடக் கேட்காது.

திருப்பி அடிக்க அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தடவை அடித்தும் பார்த்தாள். கம்பைப் பிடுங்கி அவன் முட்டியில் போட்டாள். அன்று வீட்டுக்குப் போனதும் அவன் அவளை உரலோடு சேர்த்துக் கட்டிப்போட்டு மிதித்ததில் வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு உண்டாகவே இல்லை. பக்கத்து வீட்டு மைமூனம்மாள்தான் சுடுதண்ணீர் வைத்து ஊற்றினாள். செய்தி எப்படியோ காட்டுக்குப் போய்விட்டது. இசக்கிப்பாண்டி கிடையை விட்டுவிட்டு வந்தான். தேரடியில், பத்துப்பேர் பார்க்க, மச்சானின் குடுமியைப் பிடித்துச் சுற்றிச் சாக்கடையில் முகத்தைத் தேய்த்துவிட்டுப் போனான்.

அதற்கான பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. இசக்கிப்பாண்டி கிடாய் விற்க வருகிறான் என்று சங்கரசுப்பு தெரிந்துவைத்திருந்தான். முதல் பாட்டு தொடங்கியதும் மரப்பெட்டிக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்தான். துண்டால் முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். பேச்சித்தாய்க்கு எங்கே போகிறான் என்று தெரியாது. சாராயம் வாங்க என்று நினைத்தாள். பிரசங்கம் முடிந்து கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்தான். அரிவாளில் ரத்தம். துருத்திக்கு எண்ணெய் போடுகிற கந்தையால் அதைத் துடைத்துக்கொண்டே, உன் அண்ணனின் வலது கை புளியந்தோப்பில் கிடக்கிறது, வேண்டுமானால் போய் எடுத்துக்கொள் என்றான். அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை கைமரத்தை விடவில்லை. ஏன் விடவில்லை என்று பிற்பாடு அவள் தன்னையே கேட்டுக்கொண்டு தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில் விடவில்லை.

கேஸ் நடந்தது. முகத்தை மூடியிருந்தாலும் நடையை வைத்து, தோளை வைத்து, வெட்டியது சங்கரசுப்புதான் என்று இசக்கிப்பாண்டி சொன்னான். எதிர்ச்சாட்சியாகப் பாதிரியார் பெத்துராஜ் ஏறினார். பிச்சையா வாத்தியார் ஏறினார். வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து, அன்றைய ஆராதனையில் எந்தப் பாட்டிலும் ஆர்கன் ஒரு தடவைகூடத் தடங்கவில்லை, ஆகவே சங்கரசுப்பு துருத்தி அறையை விட்டு நகரவே இல்லை என்று சொன்னார்கள். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஊரில் அவர்கள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. அதுதான் கொடுமை. சங்கரசுப்பு வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

பேச்சித்தாயை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். வாயைத் திறந்தால் அண்ணனின் மற்றக் கையும் போகும் என்று சங்கரசுப்பு சொல்லியிருந்தான். சொன்னால் செய்வான் என்பது அவளுக்குத் தெரியும்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று அவளுக்கு அடுத்த வருஷம் விழுந்தது. அதை அடித்தவன் புருஷன் இல்லை. மொட்டைக் கையோடு இசக்கிப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். பாதிரியாரும் வாத்தியாரும் பொய் சொல்வார்களா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் அவனைப் பொய்யன் என்றார்கள். குடும்பப் பகைக்காகக் குற்றமில்லாதவனை மாட்டிவிடப் பார்த்தான் என்றார்கள்.

"தாயி, உள்ளதச் சொல்லு. அவன் அன்னைக்குக் கோவில்லதான் இருந்தானா? நாந்தான் ஆளத் தப்பாச் சொல்லிட்டனா?"

உள்ளே சங்கரசுப்பு இருமினான். பேச்சித்தாய் அண்ணனின் இடது கையைப் பார்த்தாள். அந்த ஒரு கைதான் அவனுக்கு மிச்சம்.

"ஆமாண்ணே. கோவில்லதான் இருந்தாவ."

இசக்கிப்பாண்டி உள்ளே போய், மச்சானின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். சங்கரசுப்பு பெருந்தன்மையாக ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கச் சொன்னான். அன்றைக்குச் செத்திருக்க வேண்டியவள் பேச்சித்தாய். சாகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தடவை மட்டும் மனம் பொறுக்காமல் பிச்சையா வாத்தியாரிடம் போய், துருத்தி அமுக்குவது நான்தான் ஐயா என்று சொல்லிப் பார்த்தாள். வாத்தியார் நல்லவர். கோபப்படவில்லை, சிரித்தார். பொம்பளை கையில் அவ்வளவு சீராகக் காற்று வராது, சங்கரசுப்பு கைப்பழக்கம் எனக்குத் தெரியாதா, நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றார். அவள் திரும்பி வந்துவிட்டாள்.

மைமூனம்மாள்தான் ஒருநாள் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அந்தக் கோவில் பெட்டி கத்துத நேரம் பாத்துல்லா அவன் அடிக்கான்டி. அது வாய மூடிச்சுன்னா ஊருக்கே கேக்கும்."

 அந்த வார்த்தை பேச்சித்தாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆர்கன் வந்து ஐம்பது வருஷம் நிறைவதைக் கொண்டாட மிஷன் கோவிலில் ஒரு நாள் குறித்தார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் அவன் விட்டுப்போன வாத்தியம் நம்முடைய சொத்து, அதன் பெருமையை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பெத்துராஜ் பாதிரியார் நோட்டீஸ் அடித்தார். மதராஸிலிருந்து பெரிய வாத்தியக்காரர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. விழாவின் முடிவில், இத்தனை வருஷமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் காற்றுக் கொடுத்த சங்கரசுப்புவுக்குச் சரிகைச் சால்வை போர்த்துவார்களாம். இதைக் கேட்டதிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை.

விழாவுக்கு முந்தின வாரம் இளையரசனேந்தலிலிருந்து ஆள் வந்தது. இசக்கிப்பாண்டி ஆட்டுக்குத் தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறான். ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்து, பல்லால் கடித்துப் பிடித்து, மறுபடி இழுப்பது அவன் வழக்கம். அன்று பல் வழுக்கிவிட்டது. வாளியோடு கிணற்றுக்குள் போய்விட்டான். பாறையில் மண்டை அடிபட்டு, தூக்கும்போது உயிர் இல்லை.

பேச்சித்தாய் கிளம்பினாள். சங்கரசுப்பு வாசலில் மறித்து மயிரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான். மதராஸ்காரர் வாசிக்கப்போகிற பாட்டுக்கு ஒத்திகை நடக்கிறது, உன் அண்ணன் செத்ததற்கு ஆர்கன் நிற்குமா என்றான். அண்ணன் முகத்தில் வாய்க்கரிசி போட அவளை விடவில்லை. தலைமுழுகக்கூட விடவில்லை. அவள் அழவும் இல்லை. ஒத்திகையில் கைமரத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் மற்றக் கை போகும் என்றானே. இனி எந்தக் கை போகும்? அண்ணனே இல்லை. இத்தனை வருஷம் அவளைக் கட்டிவைத்திருந்த கயிறும் அந்தக் கிணற்றோடு போய்விட்டது. இது சங்கரசுப்புவுக்கு உறைக்கவில்லை.

ஆனால் இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? புருஷன் மேல் கோபம், அண்ணன் செத்த துக்கம், புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். வாத்தியார் மறுபடி சிரிப்பார். சபை அவள் சொல்லைக் கேட்டுப் புண்ணியமில்லை. அவனே தன் வாயால் சொல்வதைக் கேட்க வேண்டும்.

விழாவன்று கூட்டம் தாங்கவில்லை. புளியங்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வேப்பமர நிழலிலும் ஆட்கள். பிச்சையா வாத்தியார் ஆர்கனின் வரலாற்றை வாசித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். அப்புறம் மதராஸ்காரர் உட்கார்ந்து, இருக்கிற குழல் அத்தனையையும் திறந்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. துருத்தி அறையில் தரை நடுங்கியது.

அந்தப் பாட்டு காற்றைக் குடித்தது. பேச்சித்தாய் முழு உடம்பையும் போட்டு அமுக்கினாள். சங்கரசுப்பு புது வேட்டியும் எண்ணெய் தடவிய தலையுமாகப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். காலையிலேயே குடித்திருந்தான். பாட்டு முடிந்ததும் நீ துருத்திக்குப் பின்னால் பதுங்கிக்கொள், கதவை ஒருக்களித்து நான் வெளியே போய்ச் சால்வையை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொடுத்தான். குண்டு கோட்டைத் தொட்டபோதெல்லாம் கம்பு அவள் தோளில் விழுந்தது.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. பேச்சித்தாய் அவன் பக்கம் திரும்பினாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவனை இப்படி நேருக்கு நேர் பார்த்தது கிடையாது.

"எங்கண்ணன் கைய வெட்டுன கைக்கா சால்வை போடுதாவ?"

அவனுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் பாய்ந்து எழுந்தான். கம்பு அவள் வாயில் விழுந்தது. முன்பல் உடைந்து சேலையெல்லாம் ரத்தம். அடுத்த அடி காதில். அவள் கைமரத்தை விட்டுவிட்டாள். தடுக்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டு கோட்டுக்கு வந்தது. கோட்டைத் தாண்டியது. இத்தனை வருஷம் அந்தக் குண்டைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்திருந்தவன் அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. வெறி அவன் கண்ணை மறைத்திருந்தது. பலகைக்கு அந்தப்பக்கம் ஆர்கன் சுருதி இறங்கி, பெரிய குழல்கள் ஒவ்வொன்றாக முனகி, நின்றது. உள்ளே இருந்தவனுக்கோ காதுக்குள் இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போலத் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆமாட்டி, நாந்தான் வெட்டுனேன். நீ இங்கன அமுக்கிக்கிட்டு நின்ன, நான் அங்கன போய் வெட்டிட்டு வந்தேன். எவன் என்னயப் புடிச்சான்? இந்தச் சபையே எனக்குச் சாட்சி சொல்லிச்சுல்லா."

 கோவிலுக்குள் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அதன் பிறகு விழுந்த அடிகளையும் கேட்டார்கள். கம்பு சதையில் படுகிற சத்தம் அந்த உயர்ந்த கூரையில் எதிரொலித்தது. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

பெத்துராஜ் பாதிரியார்தான் கதவைத் திறந்தார். அவர் கையில் சரிகைச் சால்வை அப்படியே இருந்தது. பின்னால் பிச்சையா வாத்தியார், அவருக்குப் பின்னால் கூட்டம். சங்கரசுப்பு ஓங்கிய கம்போடு நின்றான். கோவில் முழுவதும் சத்தமில்லாமல் தன்னையே பார்ப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பொம்பளையை உள்ளே விட்டது தப்பாகப் போயிற்று, அதைத்தான் கண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஏதோ உளறினான். கூட்டம் ஒரு எட்டு முன்னால் வந்தது. அவன் பெட்டிக்கு அடியில் கைவிட்டான்.

அரிவாள் வெளியே வருவதற்குள் பேச்சித்தாய் கைமரத்தை அதன் குழியிலிருந்து பிடுங்கியிருந்தாள். தேக்குமரம், ஆள் உயரம். வெறிநாயை அடித்த அதே அடி. மணிக்கட்டில் விழுந்து எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அரிவாள் தெறித்து விழுந்தது. அடுத்த அடி தோளில். அவன் துருத்தியின் மேலேயே சாய்ந்து, ஆட்டுத்தோல் கிழிய, மிச்சமிருந்த காற்றெல்லாம் அவன் காலடியில் புஸ்ஸென்று போயிற்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது பிச்சையா வாத்தியார் குறுக்கே வந்து கைமரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த அடி விழுந்திருந்தால் மண்டை இரண்டாகியிருக்கும். அதைத் தடுத்ததில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

வாத்தியார் அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கருங்காய்ப்பு. சங்கரசுப்புவின் உள்ளங்கை மல்லாந்து கிடந்தது, ஒரு தழும்பு இல்லாமல்.  அந்த வெட்டு விழுந்த ஞாயிற்றுக்கிழமை என்று தொடங்கினார். 

பேச்சித்தாய் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அன்னைக்கும் நாந்தான் அமுக்குனேன், வாத்தியாரய்யா. எங்கண்ணன் ஆளத் தப்பாச் சொல்லல."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் செத்து ஒரு வாரம் கழித்து, அத்தனை சனத்துக்கு நடுவில், அப்போதுதான் வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள். வாத்தியார் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார். வேதப்புத்தகத்தின் மேல் வைத்த கையை மேல்துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனார் என்று, வழியில் பார்த்த மைமூனம்மாள் சொன்னாள்.